உப்புத் தின்ற கரடு

கிழக்கே கடலும் மேற்கே மலையுமாகக் கிடக்கிற இந்தச் சீமையில், நடுவாந்திரமாகக் கரிசல் காட்டுக்குள்ளே தனியாளாகக் குந்தியிருக்கிற பாறைக்குன்று, குந்தாணிக் கரடு, ஒரு பகல் பொழுது ஊரைவிட்டுப் போயிருந்தது. பொழுது சாயத் திரும்பி வந்தது. பார்க்காதவர்கள் கட்டுக்கதை என்பார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் போன பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் ஆடு பத்திக்கொண்டு போனவர்களும் பார்த்தார்கள். பார்த்து, கரடு வருகிறதே என்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுவிட்டு அவரவர் சோலிக்குப் போனார்கள். வழிவிட்டவர்கள் அத்தனை பேருமா பொய் சொல்லுவார்கள்?

இது ஆரம்பித்தது ஒரு உப்பளத்துக் குடும்பம் டூர் கிளம்பியதில். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் சொந்தமாக நாலைந்து பாத்தி வைத்து உப்பு விளைவிக்கிறவர் தவசிமுத்து. அவர் சம்சாரம் செல்லக்கனி. மகள் பொன்ரதி கல்லூரிக்குப் போகிறவள். பாத்தியில் தண்ணீர் கட்டியாகிவிட்டது, உப்பு பூத்து இறுகிக்கொண்டிருக்கிறது, மறுநாள்தான் அவர் பாத்தியில் அந்த வருசத்து முதல் வாரல், உப்பை வாரி எடுக்கிற நாள், அதுவரைக்கும் மனுசன் செய்ய ஒன்றுமில்லை, வெயிலும் காற்றும்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நாள் சும்மா கிடைத்தது. அந்த ஒரு நாளைப் பொன்ரதி பிடித்துக்கொண்டாள். போனில் பார்த்து வைத்திருந்தாள். பழைய கோட்டை இருக்கிறதாம், கோட்டையிலிருந்து எதிர்ப்பாறைக்குக் கம்பி கட்டி ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்களாம், பக்கத்தில் அணையில் நாமே துடுப்புப் போடுகிற படகாம்.

"கம்பியில தொங்கணும்னா நம்ம வீட்டுக் கொடியில தொங்குட்டி, கூட ரெண்டு துணியாவது காயும்" என்றார் தவசிமுத்து.

ஆனால் செல்லக்கனியின் தம்பி அருள்ராஜ், உப்பு மூட்டை ஏற்றுகிற தன்னுடைய லோடு வண்டியைக் கழுவி, பின்னால் பாய் விரித்து, இருட்டோடேயே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "அத்தான், இந்த வண்டி பொறந்ததுலருந்து மூட்டையத் தவிர மனுசர ஏத்துனதில்ல. இன்னைக்காவது அது வாயத் தொறந்து பேசுற சரக்கு ஏத்தட்டும்."

கரட்டடியில் குந்தாணிப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் சிவனாண்டிதான் கோட்டைக்குக் காவல், வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதும் அவர்தான். அடிவாரத்துக் கல்தொட்டியில் மிச்சர், முறுக்கு, புளியோதரை எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொன்னார். குரங்குக்குப் பயந்து சொல்லுகிறார் என்று நினைத்து எல்லோரும் இறக்கி வைத்தார்கள். உச்சிக்குப் போய், பாதி இடிந்த கோட்டை வாசலில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவர் விசயத்தைச் சொன்னார்.

எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் இந்தக் கோட்டைக்குள்ளே இருந்தார். கீழே வந்து வளைத்துக்கொண்டு உட்கார்ந்தது ஒரு படை. ஏறி வந்து பார்த்தது, முடியவில்லை. பீரங்கி வைத்துப் பார்த்தது, முடியவில்லை. சரி, பட்டினி கிடந்து இறங்கி வரட்டும் என்று கூடாரம் அடித்துக் கிடந்தது. உள்ளே வரகும் சாமையும் குதிர் குதிராக இருந்தது, சுனையில் தண்ணீர் வற்றவில்லை, பெண்கள் பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகள் நடக்கப் பழகின, ஆனால் உப்பு தீர்ந்துபோனது. உப்பில்லாத கஞ்சியை ஒரு நாள் குடிக்கலாம், ஒரு மாசம் குடிக்கலாம். அப்புறம் கை தூக்கவில்லை, கால் எழவில்லை, வாள் பிடிக்கிறவனுக்கு விரல் மடங்கவில்லை. வியர்வை பட்ட சுவரை நக்கினார்கள். அழுகிற பிள்ளையின் கன்னத்தைத் தாய்மார்கள் நக்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு விடிகாலை உள்ளேயிருந்தே கதவைத் திறந்து வரிசையாக இறங்கிப் போனார்கள். கீழே இருந்த படைக்காரர்கள் விலங்கோடு நின்றார்கள். இறங்கி வந்தவர்கள் விலங்கைப் பார்க்கவில்லை, எதிரியின் அடுப்படியைப் பார்த்துப் போய் ஆளுக்குக் கொஞ்சம் உப்புக் கேட்டார்கள்.

"அதுலருந்து இந்தக் கரட்டுக்கு நாங்க உப்புக் காட்டுறதில்ல" என்றார் சிவனாண்டி. "ஆடி மாசம் பொங்க வச்சாலும் உப்பில்லாமத்தான்."

"காட்டுனா என்ன ஆகும்?" என்று கேட்டான் அருள்ராஜ்.

"காட்டுனாத்தானப்பா தெரியும். எவனும் காட்டல."

சொல்லிவிட்டு அவர் சுனையில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். செல்லக்கனி வாசற்படியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: புது வீடோ கோயிலோ, முதல் தடவையாக ஒரு வாசலை மிதிக்கிறோம் என்றால் சொந்தப் பாத்தியில் விளைந்த கல்லுப்பு ஒரு பிடி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வெறுங்கையோடு போனாள் என்ற பேர் உப்பளக்காரிக்கு வரக்கூடாது. அதற்கென்று முந்தியில் முடிந்தும் வைத்திருந்தாள். பசித்தவன் வாசலில் சோற்றுப் பானையை மூடி வைத்துக்கொண்டு நிற்பது எப்படியோ அப்படி இருந்தது அவளுக்கு. முடிச்சை அவிழ்த்தாள், இருந்ததை எல்லாம் படியில் வைத்தாள், "திங்கய்யா" என்று சொன்னாள். நாக்குப் பட்ட மாதிரி கல் ஈரமானது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் படி வெறும் படியாக இருந்தது. சரி, பசிதான் என்று நினைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனாள்.

பொன்ரதி அதற்குள் ஹெல்மெட் மாட்டி, இடுப்பில் வார் கட்டி, கம்பியில் தொங்கக் காத்திருந்தாள். போவதும் போனாள். ஆனால் பிள்ளை ஒல்லி. பாதி வழியில், கீழே முள்ளும் பாறையுமாகக் கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே, கடற்காற்று எதிரே வந்து மோதவும் அப்படியே நின்றுபோனாள். கம்பி விடுகிற பையன்கள் கயிற்றைத் தேடினார்கள். அப்போது கரடு, திருவிழாக் கூட்டத்தில் தோளில் பிள்ளையை வைத்திருக்கிறவன் சாமி தெரியட்டும் என்று ஒரு தோளை உயர்த்துவானே, அதேபோல லேசாக உயர்த்தியது. பிள்ளை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள், அங்கிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அத்தான், காலுக்குக் கீழ என்னமோ ஒருச்சாஞ்சு கொடுத்துச்சு" என்றான் அருள்ராஜ்.

"மூட்டு வலியா இருக்கும் மாப்ள. வயசாகுதுல்ல."

இறங்கி, தொட்டியில் வைத்த புளியோதரையை எடுத்துக்கொண்டு, அணையைப் பார்க்க வண்டியை விட்டார்கள். ஆண்கள் இரண்டு பேரும் முன்னால், தாயும் மகளும் பின்னால் பாயில். உச்சியை நெருங்கிய வெயில் பின்னால் உட்கார்ந்தவர்கள் தலையில் விழவே இல்லை. வளைவு வந்தது, நிழல் கூடவே வளைந்தது. பொன்ரதிதான் முன்பக்கக் கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, கரடு வருது."

"எந்தக் கரடு?"

"நாம ஏறுன கரடுதான்."

அருள்ராஜ் ஓரக் கண்ணாடியில் பார்த்தான். கோட்டையும் கொத்தளமுமாக, அறுந்த கம்பியைக் கொசுவம் போல இழுத்துக்கொண்டு, சுனைத் தண்ணீர் வழிநெடுகச் சொட்ட, ஒரு மரியாதையான தூரம் விட்டு வந்துகொண்டிருந்தது. மேலே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மேய்த்துக்கொண்டேதான் இருந்தார். "இறங்கலையா அண்ணாச்சி?" என்று அருள்ராஜ் கத்திக் கேட்டதற்கு, "புல்லு இங்கதானப்பா இருக்கு, கரடு எங்க போனா எனக்கென்ன" என்றார். சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள் கையசைத்தார்கள்.

ஒரு பிடி உப்பைத் தின்றுவிட்டு, தின்ற இடத்தை மறக்காமல், வேரைப் பிடுங்கிக்கொண்டு கூடவே கிளம்பி வந்துவிட்டதே, அந்தக் குணத்தை என்னவென்று சொல்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாமும்தான் சொல்லுகிறோம். நமக்கு உள்ளளவு என்றால் அறுபதோ எழுபதோ. கரட்டுக்கு உள்ளளவு எவ்வளவு, யார் கண்டது.

சாலையில் சனம் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் விதம். டோல்கேட்டில் கூண்டுக்குள் இருந்த பெண், "பின்னாடி வர்றது உங்களச் சேர்ந்ததா சார்?" என்று கேட்டாள்.

"கூட வருது. சேர்ந்ததான்னு கேட்டா சொல்லத் தெரியலம்மா" என்றான் அருள்ராஜ்.

"சக்கரம் இருக்கா?"

"இல்ல."

"சக்கரமில்லாததுக்கு இங்க ரசீது கிடையாது. ஓரமா வரச் சொல்லுங்க."

கரடு ஓரமாகவே வந்தது. சோளக்காட்டில் இறங்காமல், கம்மாக்கரையை மிதிக்காமல், கரண்டுக் கம்பி வந்த இடத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற பெண் மாதிரித் தன் விளிம்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. வழியோர ஊர்ப் பெண்கள், தேர் வருகிற தினுசில் வாசலுக்கு மஞ்சத்தண்ணீர் தெளித்தார்கள். ஒரு ஊரில் கொட்டுக்காரர்கள் வந்து எல்லை வரைக்கும் அடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். பஸ்ஸில் போன சனம் நிழல் பக்கத்து சன்னலுக்கு மாறி உட்கார்ந்தது. ரோட்டில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த ஒரு கிழவர் மட்டும் கோவித்துக்கொண்டார். "யாரு வீட்டுக் கரடு இது? கட்டிப்போட்டு வளக்கக் கூடாதா?"

அணைக்கு வந்ததும் கரடு கரையில் குந்தியது, பிள்ளை குளிக்கையில் துணிக்குக் காவலிருக்கிற தாய் மாதிரி. தவசிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பொன்ரதியோ, வந்தது வந்தாச்சு, படகு விடாமல் போவதா என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மாமனையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். துடுப்புப் போடத் தெரியாமல் அருள்ராஜ் ஒரே இடத்தில் படகைச் சுற்றிக்கொண்டிருந்தான். "மாமா, உப்பு மூட்டையத் தவிர எதையும் நேரா ஓட்ட மாட்டீங்களா" என்று அவள் கேட்டது கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

அந்த நேரத்தில்தான் குந்தாணிப்பட்டிச் சனம் இரண்டு டிராக்டரில் வந்து இறங்கியது. முன்னால் பஞ்சாயத்துத் தலைவி பஞ்சவர்ணம், பின்னால் சிவனாண்டி. யாரும் சண்டைக்கு வந்த மாதிரி வரவில்லை, கோவித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மருமகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் மாதிரித்தான் வந்தார்கள். செல்லக்கனி படியில் உப்பு வைத்ததைச் சொல்ல, கரட்டின் நிழலிலேயே உட்கார்ந்து பேச்சு நடந்தது.

"தாயி, உன்மேல எங்களுக்கு வருத்தமில்ல" என்றாள் பஞ்சவர்ணம். "ஆனா எங்க கெணறெல்லாம் இதோட சுனையிலதான் ஊறுது. காலையில இது எந்திரிச்சு வந்த இடத்தப் போயிப் பாரு, பல்லுப் போன வாயி மாதிரி கெடக்கு. இது இல்லாட்டி நாங்க ஊரக் காலிபண்ண வேண்டியதுதான்."

தவசிமுத்து அவளுக்கு மேலே பதறினார். "இத நாங்க வச்சுக்கிடவா கேட்டோம் அம்மா? வீட்டுக்குப் பின்னாடி வந்து இது உக்காந்துச்சுன்னா எனக்கு வெயிலும் கெடையாது காத்தும் கெடையாது. வெயிலில்லாம உப்பு எங்க வெளையும்? நாளைக்கு முதல் வாரல். உங்களுக்கு இது போனா ஊரு போச்சு. எங்களுக்கு இது வந்தா பாத்தி போச்சு."

பஞ்சவர்ணம் கரட்டைப் பார்த்து ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிவனாண்டி கும்பிட்டுக் கூப்பிட்டார். டிராக்டரில் கொண்டுவந்திருந்த ஒரு மூட்டைக் கடை உப்பைப் பிரித்து அதன் அடியில் கொட்டினார்கள். கொட்டினது கொட்டினபடி கிடந்தது. அருள்ராஜ் ஈரத்துணியோடு வந்து நின்று, "பொன்ரதியத்தான் காலையில தூக்கி விட்டுருச்சே, கணக்கு அதோட தீந்திருச்சுன்னு சொல்லிப் பாருங்களேன்" என்றான். அதையும் சொல்லிப் பார்த்தார்கள்.

செல்லக்கனி குறுக்கே வந்து சொன்னாள்: "அது பிள்ளைய விழவிடாமத் தாங்குனது தானா செஞ்சது. நாம கேட்டுச் செய்யல. உப்பத் தின்னவன வேல ஏவாம, சும்மா போ போன்னா எப்படிப் போவான்? மானமுள்ளவன் போவானா?"

அது எல்லோருக்கும் சரியாகப்பட்டது. என்ன வேலை சொல்லலாம் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கண்மாய்க்கு மண் எடுக்கச் சொல் என்றார் ஒருவர். புயலடிக்கிற மாசத்தில் கடலுக்கு முன்னால் நிற்கச் சொல் என்றார் இன்னொருவர். அதற்கு மாசக்கணக்காகுமே என்று பஞ்சவர்ணம் முறைத்தாள்.

"எங்க அளத்துல ஒரு மரம் கெடையாது" என்றாள் செல்லக்கனி. யாரிடமும் சொல்லுகிற மாதிரி இல்லை. "வச்சாலும் மொளைக்காது. கஞ்சி குடிக்க உக்கார்ந்தா தலைக்கு மேல கூட்டுமாறு நெழல்கூட விழாது. மேல வெயிலு, கீழ வெள்ளைவெளேருன்னு உப்பு, ரெண்டும் கண்ணுல குத்தும். நான் கல்யாணமாகி வந்ததுலருந்து அங்க கண்ண முழுசாத் தொறந்து பாத்ததில்ல. ஒரு பொழுது நெழல் குடுத்தா போதும்."

தவசிமுத்து அவளையே பார்த்தார். "எட்டி, நாளைக்கு வாரல். இன்னைக்குச் சாயங்கால வெயில் விழாட்டி உப்பு இறுகாது."

"பொடியாப் போகும். போகட்டும்."

"வந்து உக்காந்து எந்திரிக்க மாட்டேன்னுச்சுன்னா?"

பஞ்சவர்ணத்துக்கும் அதே பயம்தான். எழுந்து வந்து செல்லக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் உன் கூடவே வண்டியில வாரேன். அது எந்திரிக்கிற வரைக்கும் இந்தக் கைய விடமாட்டேன், சொல்லிட்டேன்."

அப்படித்தான் போனார்கள். பின்பக்கப் பாயில் மூன்று பெண்கள், இரண்டு பேர் கை கோத்தபடி, பின்னால் கரடு, அதன் பின்னால் டிராக்டர்கள்.

மதியத்துக்கு மேலே, தவசிமுத்து பாத்திகளை அடுத்த பெரிய அளத்தில் ஆட்கள் உப்பு அள்ளிப் பெட்டியில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே எதுவோ எழும்பியதைக் கண்டு மேகம் என்று பயந்தார்கள். உப்பளத்துக்காரர்கள் மேகத்துக்குத்தான் பயப்படுவார்கள். பிறகு கோட்டைச் சுவரும் ஆடுகளும் தெரியவே, மேகமில்லை, கரடுதான் என்று ஆறுதலடைந்தார்கள். கரடு வரப்புக்கு வெளியே, கள்ளிக்காட்டை ஒட்டி, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதன் நிழல் பாத்தி பாத்தியாக இறங்கி, அம்பாரம் ஏறி, கடல் வரைக்கும் போய் நின்றது.

முதலில் ஒருத்தி தலைப்பெட்டியை இறக்கி வைத்தாள். அப்புறம் எல்லோரும் வைத்தார்கள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர்கள் அதில் பாதிப் பேர். விடியுமுன்னே முகத்தைக் கட்டிக்கொண்டு வந்து, கட்டிக்கொண்டே போகிறவர்கள். எத்தனையோ வருசமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று உப்பு வாரியவர்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி இடுங்காத கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். நெற்றிச் சுருக்கத்துக்குள்ளே வெயில் நுழையாத இடமெல்லாம் வெளுத்த கோடாகத் தெரிந்தது.

"ஏளா, உனக்குப் பூனைக்கண்ணா? இத்தன நாளு சொல்லவேயில்ல."

"நீ பாத்தாத்தானே."

கரட்டிலிருந்து சுனைத் தண்ணீர் வரப்போரமாக ஊர்ந்து வந்தது. பாத்திக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. நல்ல தண்ணீர் பட்டால் உப்பு கரைந்துவிடும் என்று அதற்கு யார் சொன்னார்களோ. வெடிப்பு விட்ட பாதங்களை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புளியோதரையை ஆளுக்கு ஒரு கவளமாகப் பகிர்ந்தார்கள். சிலர் வரப்பிலேயே மல்லாந்து படுத்து, மேலே பார்த்து, கண்ணை மூடாமல் கிடந்தார்கள். தவசிமுத்து பாத்தியில் கையை விட்டுப் பார்த்தார். இறுகியிருந்தது தளர்ந்து, மாவு மாதிரி விரலில் ஒட்டியது. கையை உதறிவிட்டு, துண்டை விரித்து, அவரும் படுத்துக்கொண்டார்.

வெயில் தாழத் தாழ பஞ்சவர்ணத்தின் பிடி இறுகிக்கொண்டே வந்தது. கரடு அசையவில்லை. ஒரு வேளை அதற்கும் அந்த இடம் பிடித்துவிட்டதோ என்னவோ. கல்லிடுக்கில் உப்புக்காற்று பட்டுக்கொண்டிருந்தது, எத்தனை காலத்துக் குறை. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். குந்தாணிப்பட்டிச் சனம் டிராக்டரிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்லக்கனி எழுந்தாள், பிடித்த கையோடு பஞ்சவர்ணமும் எழுந்தாள். இரண்டு பேரும் கரட்டின் காலடிக்குப் போனார்கள். செல்லக்கனி சுனைத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"ஐயா, நீ என் உப்பத் தின்ன. நான் உன் தண்ணியக் குடிச்சேன், உன் நெழல்ல எங்க சனமெல்லாம் படுத்து எந்திரிச்சுட்டோம். இனி நீ எனக்குக் கடன்பட்டதும் இல்ல, நான் உனக்குக் கடன்பட்டதும் இல்ல. ஒறவு மட்டுந்தான். ஒறவுக்காரரு வந்தா பொழுது சாய வீட்டுக்குக் கெளம்பணும். உன் வீட்டுல சனம் காத்திருக்கு பாரு."

சொல்லிவிட்டு, கல்லில் உள்ளங்கையை வைத்தாள். பகலெல்லாம் நடந்த கல், மாட்டு வயிறு மாதிரிக் கதகதவென்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. பிறகு அவள் கைக்கு அடியிலிருந்து கல் மெல்ல விலகியது.

கரடு எழுந்து திரும்பியது. மேலே ஆட்டுக்காரர் ஆடுகளை ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டார். பஞ்சவர்ணம் அப்போதுதான் கையை விட்டாள். விட்ட கையில் அவள் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அந்தத் தடத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் டிராக்டரில் ஏறிக்கொண்டாள்.

வந்ததைவிட மெதுவாகப் போனது கரடு. போகப் போக நிழல் கடலிலிருந்து சுருட்டிக்கொண்டு, அம்பாரத்தை விட்டு இறங்கி, ஒவ்வொரு பாத்தியாக விட்டு வெளியேறியது. கரட்டின் தோளுக்கு மேலே சாய்ந்த சூரியன் எட்டிப் பார்த்தது. வெளிச்சம் நேராக வந்து முகத்தில் அடித்தது. பொன்ரதியும் அருள்ராஜும் தவசிமுத்தும் செல்லக்கனியும், அளத்தில் நின்ற அத்தனை பேரும், அது போவதைக் கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும் என்று வலது கையைத் தூக்கி நெற்றிக்கு மேலே மறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் பஸ்ஸில் போன சனத்துக்கு, உப்பளம் முழுக்க ஆள்கள் நின்று சலாம் வைக்கிற மாதிரித் தெரிந்தது. அது அப்படித்தான்.